கையெழுத்து யாருடையது? திருநர் சட்டமும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

திருநர் உரிமைச் சட்டத்தைப் பற்றி எழுதச் சொல்லி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளைப் பற்றியவை. சில பெற்றோர் எழுதியவை, சில பிள்ளைகளே எழுதியவை. ஊர்ப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அடையாளங்களை எடுத்துவிட்டேன். கீழே நான் ‘சட்டம்’ என்று சொல்வது 2019-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தை. ‘விதிகள்’ என்றால் 2020-ல் வந்தவை. சட்டங்களுக்குத் திருத்தம் வரும். அதனால் மனு போடுமுன் இராமநாதபுரத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அன்றைய நிலவரத்தை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். காசு கேட்கமாட்டார்கள்.

வக்கீலம்மா, என் மகனுக்கு 15 வயது. சின்ன வயசிலிருந்தே தன்னைப் பெண்பிள்ளை என்றுதான் சொல்கிறான். கலெக்டர் ஆபீஸில் அடையாளச் சான்று வாங்கித் தரச் சொல்லி அழுகிறான். அவங்க அப்பா கடலுக்குப் போகிறவர், காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறார். நான் மட்டும் கையெழுத்துப் போட்டால் செல்லுமா? (தங்கச்சிமடம்)

செல்லும். சட்டத்தின் 5-வது பிரிவு, பதினெட்டு வயதாகாத பிள்ளைக்காகப் பெற்றோரில் ஒருவரோ பாதுகாவலரோ விண்ணப்பிக்கலாம் என்கிறது. இரண்டு பேரும் சேர்ந்துதான் கையெழுத்திட வேண்டும் என்று அதில் இல்லை. மனு மாவட்ட ஆட்சியருக்கு. படிவம், உறுதிமொழிப் பத்திரம் இரண்டும் வேண்டும், ஆன்லைனிலும் போடலாம். 2020-ல் வந்தபோது விதிகளில் உடல் பரிசோதனை இருக்கவில்லை, முப்பது நாளில் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும், தொண்ணூறு நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மனு போடும் நாளுக்கு முன் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து இந்த மாவட்டத்தில் குடியிருந்திருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். தொழிலுக்காக ஆண்டில் பாதி நாள் வேறு கரையில் தங்கும் குடும்பங்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன. ரேஷன் கார்டும் பள்ளியின் படிப்புச் சான்றும் கையில் இருக்கட்டும்.

இது சட்டம். இனி என் யோசனை. அப்பாவுக்குத் தெரியாமல் சான்று வாங்கி, அது ஒருநாள் டிரங்குப் பெட்டியில் அவர் கண்ணில் பட்டால், அந்தக் கோபத்தைத் தாங்குவது நீங்களல்ல, பிள்ளை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆள் என்றால் அந்த இரண்டு மாதமும் கரையில்தான் இருப்பார். அப்போது உட்கார்ந்து பேசுங்கள், அவர் மதிக்கும் ஒருவரை வைத்துக்கொண்டு. அவசரம் என்று ஒன்று இருந்தால் அது பத்தாம் வகுப்புதான். மதிப்பெண் பட்டியலில் ஏறும் பெயர் பள்ளி அனுப்பும் நாமினல் ரோலிலிருந்து, அதாவது தேர்வெழுதுவோர் பட்டியலிலிருந்து வருகிறது. பெயர் மாற்றுவதென்றால் அதற்கு முன்னால் மாற்றுவது சுலபம், அப்புறம் அலைச்சல்.

நாடாளுமன்றத்தில் இந்தச் சட்டத்துக்காக ஐந்தாறு வருடம் பேசினார்களே, குழந்தைகளைப் பற்றி யாராவது பேசினார்களா? ஓய்வுபெற்ற ஆசிரியன், தெரிந்துகொள்ள ஆசை. (இராமநாதபுரம்)

பேசினார்கள் ஐயா, ஆனால் பேச வேண்டிய அளவுக்கு இல்லை.

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், ஏ.கே. சிக்ரி அமர்வு, தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அந்தந்த ஆளுக்கே உண்டு, அறுவைச் சிகிச்சை செய்தால்தான் ஏற்போம் என்று சொல்லக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே, 2015 ஏப்ரல் 24 அன்று, நம் திருச்சி சிவா எம்.பி. கொண்டுவந்த தனிநபர் மசோதாவை (அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. தனிநபர் மசோதா ஒரு அவையில் நிறைவேறுவது பல பத்தாண்டுகளாக நடக்காத அதிசயம். திருநர் குழந்தைகளின் உரிமை, கல்வியிலும் அரசு வேலையிலும் 2 சதவீத இடஒதுக்கீடு, தனி நீதிமன்றங்கள் எல்லாம் அதில் இருந்தன. மக்களவையில் அது தேறவில்லை.

2016-ல் அரசு தன் மசோதாவோடு வந்தது. ஒருவர் திருநர்தானா என்று பார்த்துச் சொல்ல மாவட்டத் தேர்வுக் குழு என்றார்கள். மருத்துவர், மனநல மருத்துவர் எல்லாம் அதில் உட்காருவார்கள். நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. 2018 டிசம்பரில் மக்களவையில் நிறைவேறிய மசோதா, அவை கலைந்ததும் காலாவதியானது. 2019 ஜூலையில் தேர்வுக் குழு நீக்கப்பட்டு மறுபடி வந்தது. மக்களவை அதை நிறைவேற்றிய நாள் ஆகஸ்ட் 5. தேதியைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து நீக்கப்பட்ட செய்தியை ஊரெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த நாள் அது! நவம்பர் 26 அன்று மாநிலங்களவையில், மசோதாவை அலச எம்.பி.க்களின் தெரிவுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்று சிவா கொண்டுவந்த தீர்மானம் 55-க்கு 74 என்று தோற்றது. மசோதா நிறைவேறியது.

விவாதத்தில் அதிக நேரத்தை எடுத்துக்கொண்டவை இரண்டு. ஒன்று, ஆண் அல்லது பெண் என்று மாற்றி எழுத அறுவைச் சிகிச்சைச் சான்று கேட்கும் 7-வது பிரிவு. இன்னொன்று, திருநரைப் பாலியல் வன்கொடுமை செய்தால் அதிகபட்சம் இரண்டே ஆண்டு சிறை என்ற 18-வது பிரிவு. இதைப் படித்துவிட்டுப் பெற்றோர் பயப்படுகிறார்கள். பதினெட்டுக்குக் கீழ் என்றால் போக்சோ இருக்கிறது. அது ஆண், பெண், திருநர் என்று பார்க்காது; பலாத்காரத்துக்குக் குறைந்தபட்சமே பத்தாண்டு. காவல் நிலையத்தில் போக்சோவில் பதியுங்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

குழந்தைகளை நேராகத் தொடுவது 12-வது பிரிவு. திருநர் என்ற காரணத்துக்காக எந்தப் பிள்ளையையும் வீட்டிலிருந்து பிரிக்கக்கூடாது, நீதிமன்றம் சொன்னால் தவிர. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அடிப்பதும் பட்டினி போடுவதும் அந்த வீடுதான் என்றால்? பார்த்துக்கொள்ள வீட்டாரால் முடியாவிட்டால் நீதிமன்றம் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பும் என்கிறது சட்டம். ‘குடும்பம்’ என்றால் ரத்த உறவு, திருமணம், தத்து மட்டும். வீட்டைவிட்டு வந்த பிள்ளைகளுக்குக் காலங்காலமாகச் சோறு போட்டு வளர்த்த குருமார்கள், அதாவது மூத்த திருநங்கைகள், அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களிடம் போகிற எல்லாப் பிள்ளைக்கும் நல்லதுதான் நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இன்னும் நிறையப் பேசித் தீர்த்திருக்க வேண்டிய விஷயம். 2011 கணக்கெடுப்பில் ‘மற்றவர்’ என்று பதிவான 4,87,803 பேரில் 54,854 பேர் ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள். பெற்றோர் வாயால் சொல்லிப் பதிந்த எண் அது.

நான் திருநம்பி, பிறப்பில் பெண். 17 வயது. வீட்டில் யாருக்கும் தெரியாது. வெளிநாட்டில் 16 வயதிலேயே நாமே பாலினத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று யூடியூபில் பார்த்தேன். இங்கே ஏன் முடியாது அக்கா? (தொண்டி பக்கம்)

தம்பி, நீ பார்த்தது ஸ்காட்லாந்துக் கதையாக இருக்கும். 2022 டிசம்பர் 22 அன்று அந்த நாடாளுமன்றம் 86-க்கு 39 என்று மசோதாவை நிறைவேற்றியது உண்மை. மருத்துவச் சான்று வேண்டாம், 16 வயது போதும் என்றது அது. அடுத்த மாதமே லண்டன் அரசு குறுக்கே விழுந்து நிறுத்திவிட்டது. அது சட்டமாகவே ஆகவில்லை. அங்கே இன்றும் 2004-ன் பழைய சட்டம்தான், வயது 18. ஸ்பெயினில் 2023 முதல் 16 வயதுக்காரர் தானே போகலாம், 14, 15 வயதென்றால் பெற்றோர் கூட வர வேண்டும், 12, 13 வயதென்றால் நீதிபதி. ஜெர்மனியில் 2024 சட்டப்படி 14 ஆனால் தானே போகலாம், ஆனால் பெற்றோர் சம்மதம் வேண்டும். அவர்கள் மறுத்தால் குடும்ப நீதிமன்றம். அயர்லாந்தில் 16, 17 வயதுக்கு நீதிமன்றம்.

கவனித்தாயா, எல்லா இடத்திலும் சண்டை வயதைப் பற்றி என்று தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால், பெற்றோர் மாட்டேன் என்றால் பிள்ளை எந்தக் கதவைத் தட்டுவது என்பதுதான் பிரச்சினை. அந்த நாடுகள் ஒரு நீதிபதியின் கதவையாவது வைத்தன. நம் 5-வது பிரிவில் அப்படி ஒரு கதவு எழுதப்படவில்லை. பெற்றோர் அல்லது பாதுகாவலர், அத்தோடு முடிந்தது. இதுதான் இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை என்று நான் நினைக்கிறேன்.

உனக்கு இன்னும் ஒரு வருடம்கூட இல்லை. பதினெட்டு ஆனதும் யார் கையெழுத்தும் வேண்டாம். அதுவரை பிளஸ் டூவை முடி. ஆதார், பிறப்புச் சான்று, மதிப்பெண் பட்டியல் மூன்றின் நகலையும் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வை. மெடிக்கல் கடையில் ஹார்மோன் மாத்திரை வாங்கித் தானாகப் போட்டுக்கொள்ளாதே, கெஞ்சிக் கேட்கிறேன். அதற்கென்று டாக்டர்கள் இருக்கிறார்கள். ‘குணப்படுத்துகிறேன்’ என்று எந்த டாக்டராவது சொன்னால் நம்பாதே. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கு மீறல் என்று அறிவித்துவிட்டது. வீட்டில் தெரிந்து அடி விழுந்தால் ஓடிப்போய் பஸ் ஏறாதே, குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடு. மனசு தாங்காத இரவில் மனநல உதவி எண் 14416.

எங்கள் பேரப்பிள்ளை பிறந்து இரண்டு மாதம். ஆணா பெண்ணா என்று பிறப்புறுப்பைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. உடனே ஆபரேஷன் செய்து ஒன்றாக ஆக்கிவிடலாம் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். (சாயல்குடி)

வேண்டாம் அம்மா. சொந்தக்காரர்கள் விருப்பத்துக்குச் செய்ய, தமிழ்நாட்டில் தடையே இருக்கிறது. 2019 ஏப்ரல் 22 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் சொன்ன தீர்ப்பு அது. தூத்துக்குடியில் ஒருவர் திருநங்கைக்குக் கோயிலில் தாலி கட்டியதைப் பதிவு செய்ய மறுத்தார்கள், அதற்குப் போட்ட வழக்கு. திருமணம் செல்லும் என்றதோடு, இடைப்பாலினக் குழந்தைகளுக்கு இப்படி அறுவைச் சிகிச்சை செய்வதைத் தடை செய்ய அரசுக்கு உத்தரவிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் அரசாணை வந்தது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு, அதையும் மருத்துவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். சிறுநீர் தடையில்லாமல் போகிறதா, உடம்பில் உப்புச் சத்து சரியாக இருக்கிறதா என்று குழந்தை மருத்துவரிடம் மட்டும் உடனே காட்டுங்கள். சில குழந்தைகளுக்கு அது அவசரம். மற்றதைப் பிள்ளை வளர்ந்து சொல்லட்டும்.

நான் திருநங்கை, பொம்பளைங்களோடு சேர்ந்து கடல்பாசி எடுக்கப் போகிறேன். சேலைமேல சட்டை, கண்ணாடி, விரலுக்குத் துணி எல்லாம் அவங்க மாதிரியேதான். அடையாள அட்டையில் மட்டும் பழைய ஆம்பளைப் பேர். கேட்கிற இடத்திலெல்லாம் சிரிப்பு. (பாம்பன்)

கலெக்டர் தரும் அடையாளச் சான்றே போதும், பிறப்புச் சான்று உட்பட எல்லா அரசு ஆவணத்திலும் பெயரை மாற்றலாம் என்று 7-வது பிரிவே சொல்கிறது. மனு கொடுத்த பதினைந்து நாளில் மாற்றித்தர வேண்டும் என்பது விதி. ஆதாரை முதலில் மாற்றுங்கள் அக்கா. மீன்வளத் துறை, நலவாரியம் எல்லாம் அதைப் பார்த்துத்தான் எழுதும். எதைக் கொடுத்தாலும் நகலில் தேதியோடு சீல் வாங்காமல் வராதீர்கள்.

என் மகளுக்கு 20 வயது. தன்னை ஆம்பளை என்று சொல்லிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டது. காணவில்லை என்று புகார் கொடுத்தால் போலீஸ் கூட்டிவந்து விடுமா? (கீழக்கரை)

விடாது பாய். புகாரை வாங்கி விசாரிப்பார்கள். வயது வந்தவர், விருப்பப்பட்டுத்தான் போனார் என்று தெரிந்ததும் தொந்தரவு செய்யாமல் முடித்துவிட வேண்டும் என்று 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டிருக்கிறார். புகாருக்குச் செலவழிக்கும் நேரத்தில் ஒரு போன் போடுங்கள். சாப்பிட்டாயா என்று மட்டும் கேளுங்கள்.

எங்கள் பள்ளியில் ஒரு மாணவி, பதிவேட்டில் மாணவன். கழிப்பறை விஷயத்தில் என்ன செய்வது? (ஆசிரியை, மண்டபம்)

சட்டத்தின் 13-வது பிரிவு, அரசு நிதி தரும், அங்கீகரிக்கும் எல்லாப் பள்ளியும் பாகுபாடின்றி நடத்த வேண்டும் என்கிறது. எப்படி என்று சொல்லவில்லை. ஆசிரியர்களுக்கு, மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி 2021-ல் ஒரு கையேடு போட்டது. எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அதனால் தலைமையாசிரியர் மனசுதான் இப்போதைக்கு விதி. ஆசிரியர் கழிப்பறை ஒன்றின் சாவியைக் கொடுங்கள், யாருக்கும் அறிவிக்காமல். வருகைப்பதிவு எடுக்கும்போது முழுப் பெயருக்குப் பதில் எண்ணைக் கூப்பிடுங்கள், வகுப்பு முழுவதற்கும்.

வீட்டைவிட்டு வந்து வருடக்கணக்காகிறது. அப்பா இறந்துவிட்டார், உயில் இல்லை. திருநங்கைக்குப் பங்கு கிடையாது என்கிறார் அண்ணன். (தேவிபட்டினம்)

தப்பாகச் சொல்கிறார். உயில் இல்லாத இந்துக் குடும்பத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு, கிறிஸ்தவக் குடும்பத்திலும் அப்படியே. உங்களை மகன் என்று எழுதினாலும் மகள் என்று எழுதினாலும் பங்கு குறையாது. முஸ்லிம் குடும்பமானால் கணக்கு வேறு, தனியாகப் பேச வேண்டும். எதுவானாலும் முதலில் அப்பாவின் இறப்புச் சான்றும் வில்லங்கச் சான்றும் பட்டா நகலும் எடுங்கள். வாரிசுச் சான்றுக்குத் தாசில்தாரிடம் அண்ணன் ஏற்கெனவே மனு போட்டிருந்தால், அதில் உங்கள் பெயர் விடுபட்டிருக்கிறதா என்று இந்த வாரமே விசாரித்து, எழுத்தில் ஆட்சேபம் கொடுத்துவிடுங்கள்.