டூ வீல் டிரைவ் டிரக்கை ஃபோர் வீல் டிரைவாக மாற்ற முடியுமா?

முடியும், ஆனால் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. முன் ஆக்ஸிலை மாட்டினால் வேலை முடிந்துவிடாது. கியர்பாக்ஸுக்குப் பின்னால், இன்ஜின் சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் வர வேண்டும். அதற்காகப் பல வண்டிகளில் கியர்பாக்ஸையே மாற்ற நேரும். பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம் மாறும், முன்னால் புதிதாக ஒன்று வேண்டும். சில மாடல்களில் சேஸியே வேறு.

டிஃபரன்ஷியல் விகிதம் (சக்கரம் ஒரு முறை சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்பது) முன்னும் பின்னும் ஒத்துப்போவது ரொம்ப முக்கியம். பின்னால் 3.73, முன்னால் 4.10 என்றிருந்தால் இரண்டு ஆக்ஸிலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். காய்ந்த தார்ச்சாலையில் டிரான்ஸ்ஃபர் கேஸே உடையலாம்.

செய்தே தீருவேன் என்றால், விபத்தில் அடிபட்ட அதே மாடல் ஃபோர் வீல் வண்டியை முழுசாக வாங்கிக் கழற்றுங்கள். பிராக்கெட், ஒயரிங் முதல் எல்லாம் அதிலேயே கிடைக்கும். எப்போதாவது சேற்றில் சிக்குவதுதான் பிரச்சினையா? அப்படியானால் நல்ல டயரும் பின் ஆக்ஸிலின் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகச் சுழல வைக்கும் ஒரு லாக்கருமே பெரும்பாலும் போதும்.