சாவி கைக்கு வரும் முன் காசு போகக் கூடாது

கேள்வி: நான் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்தவள். பேராதனையில் பட்டம் முடித்துவிட்டு, ஒக்டோபரில் மேற்படிப்புக்காகத் தனியாக ஜேர்மனியின் மக்டெபர்க் நகருக்குப் போகிறேன். அங்கே ஓர் அறை வீடு இணையத்தில் கிடைத்திருக்கிறது. வெறும் வாடகை 290 யூரோ, சூடாக்கி போன்ற செலவுகளோடு 380. வீட்டுக்காரர் இப்போது இங்கிலாந்தில் இருக்கிறாராம். முற்பணம் 1,140 யூரோவும் முதல் மாத வாடகையும் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்கிறார். நம்பிக்கைக்காகத் தன் கடவுச்சீட்டுப் பிரதியையும் அனுப்பியிருக்கிறார். அம்மா தன் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசை எடுத்து வைத்திருக்கிறார். அனுப்பலாமா?

பதில்: வேண்டாம் மகள், ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். வீட்டுக்காரர் வெளிநாட்டில், சாவி கூரியரில், காசு மட்டும் முதலில் என்ற கதை வீட்டு மோசடியில் மிகப் பழையது. அந்தக் கடவுச்சீட்டு இதற்கு முன் ஏமாந்த யாரோ ஒருவருடையதாக இருக்கலாம். உங்களுடையதைக் கேட்டால் அதையும் கொடுக்காதீர்கள்.

கேட்கும் தொகையே இடிக்கிறது, பாருங்கள். ஜேர்மன் சிவில் சட்டத்தின் 551ஆம் பிரிவுப்படி முற்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. அந்த வாடகை என்பது வெறும் வாடகை, அவர்கள் 'கால்ட்மீட்டே' என்று சொல்வது. உங்கள் கணக்கில் அது 870 யூரோ. அவர் செலவுகளையும் சேர்த்து 380ஐ மூன்றால் பெருக்கியிருக்கிறார். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: முற்பணத்தை மூன்று சம தவணையாகக் கட்ட வாடகைக்காரருக்கு உரிமை இருக்கிறது, முதல் தவணை வாடகைக்காலம் தொடங்கும்போதுதான். அம்மாவின் சேமிப்பை வைத்துப் போகிற பிள்ளைக்கு இது பெரிய உதவி.

உங்களுக்கு இது புதிதாக இருப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தால் லயன் காம்பரா, அதாவது வரிசை வீட்டில் ஓர் அறை, கிடைத்தது. வேலையோடு வந்த வீடு. வாடகை ஒப்பந்தம் என்ற கடதாசியை நம் வீடுகளில் பலர் கண்ணாலும் கண்டதில்லை. அங்கேயோ எல்லாமே கடதாசியில்தான் தொடங்குகிறது. அதனால் வரிசையை மாற்ற விடாதீர்கள்: வீட்டை நேரில் பார்ப்பது, ஒப்பந்தம், சாவி, காசு. நீங்கள் போக முடியாவிட்டால் அந்த நகரில் இருக்கும் நம்பிக்கையான ஒருவர் போய்ப் பார்க்கட்டும்.

முதல் வருடத்துக்கு மாணவர் விடுதியையே தேடுங்கள் என்பேன். பல்கலைக்கழக நகரங்களில் 'ஸ்டூடியரண்டன்வெர்க்' என்ற அமைப்பு விடுதிகளை நடத்துகிறது. அனுமதிக் கடிதம் கைக்கு வந்த அன்றே விண்ணப்பியுங்கள், காத்திருப்போர் வரிசை நீளமாக இருக்கும். தனி வீடு என்றால் சமையலறை இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். அங்கே பல வீடுகளில் அடுப்பும் இல்லை, அலமாரியும் இல்லை. விளக்கு மாட்டும் இடத்தில் வயர் மட்டும் தொங்கும். விளம்பரத்தில் 'ஈ.பி.கே.' என்று இருந்தால் சமையலறை பொருத்திய வீடு.

அடுத்தது, பணம் எப்போது கைக்கு வரும் என்பது. செலவுக்குக் காசு இருக்கிறது என்று விசாவுக்குக் காட்ட முடக்கக் கணக்கில் போட்டு வைக்கும் தொகை 2024 செப்டெம்பரிலிருந்து வருடத்துக்கு 11,904 யூரோ. அதை மொத்தமாக எடுக்க முடியாது, மாதம் 992 யூரோதான் வரும். அதுவும் நீங்கள் அங்கே போய் நடைமுறைக் கணக்கு திறந்து எல்லாம் சரியான பிறகு. இதற்குச் சில வாரம் ஆகலாம். ஆகவே முற்பணத்தின் முதல் தவணை, ஒரு மாத வாடகை, சாப்பாடு, பாய் தலையணைச் செலவு எல்லாவற்றுக்கும் தனியாகக் காசு வேண்டும். அம்மாவின் ஈ.பி.எஃப். காசு இதற்கு இருக்கட்டும்.

குடிபுகுந்து இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் தேவை. "பதிவு செய்ய முடியாது" என்று சொல்லும் தற்காலிக அறைகளில் மாட்டிக்கொள்ளாதீர்கள், அப்புறம் வதிவிட அனுமதியிலும் சிக்கல் வரும். தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பிக் கொண்டு போவார். வரி இலக்கம் தபாலில்தான் வரும். மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதமும் வரும். அது மோசடி இல்லை, வீட்டுக்கு ஒன்று என்று எல்லோரும் கட்டுவது; சேர்ந்து இருப்பவர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம்.

செலவுகளோடு 380 என்பதில் அந்தச் செலவுப் பகுதி உத்தேசமாக முன்கூட்டிக் கட்டுவதுதான், வருட முடிவில் கணக்குப் பார்ப்பார்கள். குளிர்காலத்தில் சூடாக்கியைக் கூடுதலாகத் திறந்து வைத்தால் மிச்சக் காசு கேட்டுப் பில் வரும். அதற்காகச் சுத்தமாக மூடியும் வைக்காதீர்கள். நுவரெலியாவில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு சமாளிப்பது போல அங்கே முடியாது. சூடு இல்லாத சுவரில் பூஞ்சணம் பிடிக்கும், அந்தப் பழி உங்கள் முற்பணத்தில் வந்து விழும். தினமும் சில நிமிடம் ஜன்னலை அகலத் திறந்து காற்று விடுங்கள். சாவி வாங்கும் நாளில் சுவர், தரை, குழாய், மீட்டர் இலக்கம் எல்லாவற்றையும் படம் எடுத்து, இருவரும் கையெழுத்திட்ட ஒப்படைப்புப் பத்திரம் ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தங்கச்சியும் ஜேர்மனிக்குப் படிக்கப் போகிறாள். காசை வங்கி வழியாக இல்லாமல் தரகர் மூலம் உண்டியலில் அனுப்பினால் மலிவு என்று பண்டாரவளையில் ஒருவர் சொல்கிறார். கையிலும் கொஞ்சம் கொடுத்துவிடலாமா?

பதில்: உண்டியல் வேண்டாம். அது சட்டத்துக்குப் புறம்பானது, ரசீதும் கிடையாது. காசு வராவிட்டால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது. முடக்கக் கணக்குக்கு உங்கள் வங்கி வழியாகவே, அனுமதிக் கடிதத்தைக் காட்டி அனுப்புங்கள். கைச்செலவுக்கு யூரோ கொடுத்துவிடுவது நல்லதுதான். வங்கியிலோ மத்திய வங்கி அனுமதித்த நாணயமாற்றுக் கடையிலோ வாங்கி, ரசீதைக் கடவுச்சீட்டோடு வைக்கச் சொல்லுங்கள். 10,000 யூரோ அல்லது அதற்கு மேல் ரொக்கமாகக் கொண்டுபோனால் ஐரோப்பியச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். அவ்வளவு கொடுக்காதீர்கள், முதல் மாதத்துக்குப் போதுமானது போதும். அதையும் ஒரே பையில் வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.