மெடி-கேல்: வீடு மாறினால் என்ன ஆகும்?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஓட்டல் வேலை பார்க்கும் என் தம்பிக்கு வயது 34. குடியேற்ற ஆவணம் இல்லை. குறைந்த வருமானக்காரர்களுக்கான மாநில அரசு மருத்துவக் காப்பீடான மெடி-கேல், 2024 ஜனவரியில் ஆவணமில்லாத 26–49 வயதினருக்கும் திறந்தபோது சேர்ந்தான். இப்போது வீடு மாறிவிட்டான். காப்பீடு நீடிக்குமா?

பதில்: நீடிக்கும், ஆண்டுதோறும் புதுப்பிப்புப் படிவத்தைக் கெடுவுக்குள் கொடுத்தால். சிக்கலே அங்கேதான். படிவம் பழைய முகவரிக்குப் போகும். பதில் வராவிட்டால் கவுன்ட்டி (மாவட்ட நிர்வாகம்) காப்பீட்டை நிறுத்திவிடும். முன்பென்றால் மறுபடி விண்ணப்பித்துச் சேர்ந்துவிடலாம். 2026 ஜனவரி முதல், ஆவணமில்லாத 19 வயது நிரம்பியவர்களை முழுக் காப்பீட்டில் புதிதாகச் சேர்ப்பதில்லை. நின்றுபோனால் 90 நாளுக்குள் மீட்கலாம்; தாண்டினால் அவசர சிகிச்சைக்கு மட்டும்தான். ஆகவே இன்றே கவுன்ட்டி அலுவலகத்தில் புது முகவரியைப் பதியச் சொல்லுங்கள். வருமானத்தைக் காட்டச் சம்பளச் சீட்டுகளும் கையில் இருக்கட்டும். 2027 ஜூலையிலிருந்து மாதம் 30 டாலர் கட்டணமும் உண்டு.