அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு வாருங்கள்

(மகளிர் விடுதி ஒன்றில் பல ஆண்டுகள் வார்டனாக இருந்து ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியை, வாசகர் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.)

கேள்வி: மேடம், பி.எஸ்ஸி. இயற்பியலுக்குத் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி, மதுரை லேடி டோக் கல்லூரி இரண்டிலும் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. எனக்கு நாடகம் என்றால் உயிர். பெரியம்மா மகள் ‘டீப்வுட்ஸ்’ விழா வீடியோவைக் காட்டித் தாம்பரம்தான் என்கிறாள். அம்மாவோ பெண்கள் கல்லூரிதான் என்கிறார். மேடையும் நல்ல சிநேகிதமும் எங்கே கிடைக்கும்?
– ஒரு மாணவி, கோவில்பட்டி

பதில்: வீடியோவை ஓரமாக வை, மகளே. எந்தக் கல்லூரி விழாவும் சில நாள் கூத்து. மிச்ச நாள் எல்லாம் வகுப்பு, கேன்டீன், விடுதி, அவ்வளவுதான். அதை வீடியோ எடுத்து யாரும் போடுவதில்லை.

சேர்க்கை சமயத்தில் கல்லூரி வெறிச்சோடிக் கிடக்கும். ஆனாலும் அறிவிப்புப் பலகை அங்கேயேதான் இருக்கும். விண்ணப்பம் கொடுக்கப் போகும்போது அதன் முன் கால் மணி நேரம் நில். நாடகத்துக்கு ஆள் எடுத்த பட்டியல் தொங்குகிறதா? அதில் முதலாண்டு மாணவர் பெயர் உண்டா? பேச்சு, பாட்டு, நாடகம் என எல்லாப் பட்டியலிலும் அதே நாலு பெயர்தானா? குண்டூசி துருப்பிடித்து, போன சுதந்திர தினச் சுற்றறிக்கையே கடைசித் தாளாகத் தொங்கினால், அந்தக் கல்லூரியின் மன்றங்கள் கையேட்டில் மட்டுமே உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம்.

தாம்பரம் கல்லூரி 1837-இல் தொடங்கியது. 1937-இல் ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டு அந்தப் புதர்க்காட்டுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே விடுதிக்கு ‘ஹால்’ என்று பெயர். சேலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர் என்று பழைய ஹால்கள் மூன்றும் ஆண்களுக்கு. பெண்களுக்குத் தனி ஹால்கள் உண்டு. அங்கே உறவும் போட்டியும் சண்டையும் சமாதானமும் ஹாலை வைத்துத்தான். ஆகவே நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி ஹாலில் இடம் உண்டா என்பது. கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் விடுதியிலும் கிடைத்துவிட்டதாக நினைத்து, கடைசியில் வெளியே தனியார் விடுதியில் அறை எடுத்த பெண்கள் ஏராளம். வகுப்பு முடிந்ததும் வாசலைத் தாண்டிவிடுகிறவளுக்கு அத்தனை பெரிய வளாகத்தால் என்ன பயன்?

ஷிப்டையும் கேட்டுக்கொள். சென்னையில் பல கல்லூரிகள் காலை, மதியம் என்று இரண்டு ஷிப்டாக நடக்கின்றன. காலை ஷிப்டுக்காரர்கள் மதியம் ஒத்திகை வைத்தால், மதிய ஷிப்டுக்காரி வகுப்பில் உட்கார்ந்து கைதட்டல் சத்தம் கேட்க வேண்டியதுதான்.

மதுரையை எடுத்துக்கொள்வோம். பெண்கள் கல்லூரி என்று முகத்தைச் சுளிக்காதே. அங்கே நாடகம் எழுதுகிறவள், விளக்குப் போடுகிறவள், செயலாளர், துரியோதனன் எல்லாமே பெண். எங்கள் விடுதித் துரியோதனன் ஒரு பக்கம் மீசை பெயர்ந்து தொங்க மெஸ்ஸுக்கு வந்து, ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தொடையைத் தட்டப் போவாள். இருபாலர் கல்லூரியில் அவளுக்குத் திரௌபதி வேஷம்தான் கிடைத்திருக்கும். அவளுக்கோ அழ வராது.

ஆனால் கோவில்பட்டியிலிருந்து மதுரை ரயிலில் இரண்டு மணி நேரம்தான். வெள்ளிக்கிழமை மாலை துணிமூட்டையோடு கிளம்பி, திங்கள் காலை புளியோதரையோடு திரும்புவாய். சிநேகிதம் முளைப்பது ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும் இடத்தில். அந்த நேரத்தில் நீ ஊரில் இருப்பாய்.

நீ கேட்டதற்கு என் தீர்ப்பு: ஹாலில் இடம் உறுதி என்றால் தாம்பரம். இல்லையென்றால் யோசிக்காமல் மதுரை, மாதம் ஒருமுறைதான் வீட்டுக்கு வருவேன் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிவிட்டு.

கேள்வி: மகனுக்குக் கவுன்சலிங்கில் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி கிடைக்கும். சென்னைப் புறநகரில் ஒரு தனியார் கல்லூரியும் இருக்கிறது. வேளச்சேரியில் மைத்துனர் வீட்டில் தங்கிக் கல்லூரி பஸ்ஸில் போய்வரலாம். விடுதி என்றால் ராகிங் பயம். எது நல்லது?
– ஒரு தந்தை, திருவண்ணாமலை

பதில்: கல்லூரி பஸ் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று கேளுங்கள் ஐயா. கடைசி வகுப்பு முடிந்த பத்தாவது நிமிடம் வண்டி நகரும் கல்லூரியில் மைதானமும் மன்றமும் யாருக்காக? உங்கள் மகனுக்கு வாய்க்கும் நண்பன் பக்கத்து சீட்காரன் மட்டும்தான். அவனும் பாதி வழி தூங்குவான். ஆணும் பெண்ணும் பேசினால் அபராதம் போடும் கல்லூரிகளும் உண்டு, அதையும் விசாரியுங்கள்.

காரைக்குடியில் வெயில் அதிகம், வேடிக்கை குறைவு. ஆனால் கவுன்சலிங் வழியாகத் தருமபுரிக்காரனும் தென்காசிக்காரனும் ஒரே அறைக்கு வருவார்கள்.

ராகிங் பயம் நியாயமானதுதான். தமிழ்நாட்டில் அதற்கென்று 1997-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது: இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். முதலாண்டு மாணவர்களுக்குத் தனிக் கட்டடமோ தளமோ உண்டா, இரவில் வார்டன் அங்கேயே தங்குகிறாரா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் விடுதி வேண்டாம். நன்றாகச் சொன்னால், காரைக்குடிக்கே அனுப்புங்கள்.

கேள்வி: பெண்கள் விடுதிக் கதவை மட்டும் ஏன் மாலை ஆறரைக்கே பூட்டுகிறார்கள்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: பெற்றோர் கேட்பதால். மகன்களின் பெற்றோர் அப்படிக் கேட்டு வந்து நான் பார்த்ததில்லை. சேருவதற்கு முன், நூலகத்துக்கும் ஒத்திகைக்கும் நேர நீட்டிப்பு உண்டா, அதில் யார் கையெழுத்துப் போடுவது என்று கேளுங்கள். வார்டன் கையெழுத்தே போதும் என்றால் சமாளிக்கலாம். ஒவ்வொரு முறையும் அப்பாவின் கடிதம் வேண்டும் என்றால் உங்களுக்கு நாடகம் கிடையாது.