நான்கு மொழி உறைக்கு ஒரே எழுத்துருக் குடும்பம்

கேள்வி: கோவையில் வீட்டிலேயே மசாலாப் பொடி தயாரித்து பாலக்காட்டுக்கும் பெங்களூருக்கும் அனுப்புகிறோம். உறையில் தமிழ், மலையாளம், கன்னடம், ஆங்கிலம் நான்கும் வேண்டும். டிசைனர் நான்கு மொழிக்கும் நான்கு எழுத்துருக்களைப் போட்டிருக்கிறார். எல்லாம் 12 பாயின்ட்தான். ஆனாலும் ஒன்று பெரிதாகவும் ஒன்று மெலிதாகவும் தெரிகிறது. ஏன்? நல்ல எழுத்துரு என்றால் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா?

பதில்: 12 பாயின்ட் என்பது எழுத்தின் உயரம் அல்ல, எழுத்தைச் சுற்றி இருக்கும், கண்ணுக்குத் தெரியாத பெட்டியின் உயரம். அதற்குள் எழுத்தை எவ்வளவு பெரிதாக வரைவது என்பது உருவாக்கியவரின் முடிவு. கோட்டின் தடிமனும் அப்படித்தான். நான்கு பேர் தனித்தனியாக வரைந்தவை பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது பொருந்தாமல் போவது இதனால்தான். ஒரே எழுத்துருக் கூடம் (எழுத்துருக்களை வரைந்து வெளியிடும் நிறுவனம்) எல்லா லிபிகளையும் சேர்த்துத் திட்டமிட்ட குடும்பத்தை எடுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது, மும்பையின் ஏக் டைப் என்ற கூடம் 2022இல் வெளியிட்ட அனேக். நம் 'அனேகம்' என்ற அதே சொல்தான். ஒன்பது இந்திய லிபிகளும், ஆங்கிலத்துக்கான லத்தீன் லிபியும் இருக்கின்றன. தடிமனை 100 முதல் 800 வரைக்கும், அகலத்தை 75 முதல் 125 சதவீதம் வரைக்கும் நகர்த்திக்கொள்ளலாம். உங்கள் உறையைக் காப்பாற்றப்போவது இந்த அகலம்தான்.

'கொத்தமல்லித்தூள்' என்று எழுதிப் பாருங்கள். ஒன்பது எழுத்து. ஆனால் 'கொ'வில் கொம்பு, க, துணைக்கால் என மூன்று உரு, ஆக 11 உருக்கள் வரிசையாக நிற்கின்றன. தமிழில் மெய்க்குப் புள்ளி வைத்துவிடுவதால் 'த்த' இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காரும். கன்னடத்தில் 'கொத்தம்பரி' எழுதினால் இரண்டாவது 'த' முதலாவதின் காலடிக்குப் போய்விடும். மலையாளத்தில் 'மல்லி'யின் 'ல்ல'வும் இப்படிக் கீழே இறங்கும். தமிழ் பக்கவாட்டில் வளர்கிறது, கன்னடம் கீழ்நோக்கி வளர்கிறது. அதனால் எழுத்தின் அகலத்தைத் தமிழை வைத்து முடிவு செய்யுங்கள். வரி இடைவெளியைக் கன்னடத்தை வைத்து முடிவு செய்யுங்கள். தமிழ்ச் சொல் இடத்தில் அடங்கவில்லையா, அகலத்தை 85க்கு இறக்குங்கள். சாதாரண எழுத்துருவைப் பிடித்து இழுத்து நசுக்காதீர்கள். அப்படிச் செய்தால் நின்ற கோடுகள் மெலிந்து, படுத்த கோடுகள் தடிமனாகவே இருக்கும், எழுத்து நோஞ்சானாகிவிடும்.

பொருளின் பெயர் மட்டும் கொழுகொழுவென்று வேண்டுமானால் இதே கூடத்தின் பலூ குடும்பத்தைப் பாருங்கள். தமிழுக்குப் பலூ தம்பி, மலையாளத்துக்குப் பலூ சேட்டன், கன்னடத்துக்குப் பலூ தம்மா. கன்னடத்தில் 'தம்மா' என்றாலும் தம்பிதான். பொடி எழுத்தில் வரும் சேர்மானப் பட்டியலுக்கு இது வேண்டாம்.

காசு விஷயம்: இரண்டு குடும்பங்களும் எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசன்ஸில் இருப்பவை. கூகுள் ஃபான்ட்ஸில் இறக்கி வியாபார உறையில் தாராளமாகப் போடலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது, அவ்வளவுதான். விலை கொடுத்து வாங்கும் எழுத்துருவில் அச்சு, இணையதளம், செயலி ஆகியவற்றுக்கு உரிமம் பெரும்பாலும் தனித்தனியாக இருக்கும், வாங்குமுன் படித்துவிடுங்கள்.

அப்புறம், மென்பொருள். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைனில், எழுத்துகளை வரியில் அடுக்கும் கம்போசர் சாதாரணமானதாக இருந்தால் 'கொ'வின் கொம்பு இடம் மாறி நிற்கும். பாராகிராஃப் பேனல் மெனுவில் 'வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்' தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அச்சகத்துக்குப் போகும் கோப்பில் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது வெறும் வரைபட வடிவங்களாக, மாற்றிவிட்டால் அங்கே எழுத்துரு இல்லாவிட்டாலும் உடையாது. திருத்துவதற்கு ஒரு மூலப் பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பல வருடம் முன்பு அதை வைக்காமல் விட்டு, ஒரே ஒரு எழுத்துப் பிழைக்காக முழு உறையையும் நான் மறுபடி தட்டச்சு செய்திருக்கிறேன்.

அச்சுக்கு விடுமுன் உறையை உண்மையான அளவில் ஒரு தாளில் எடுத்து, மலையாளம் தாய்மொழியான ஒருவரிடமும் கன்னடம் தாய்மொழியான ஒருவரிடமும் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் எங்கே தடுமாறுகிறார்களோ, அந்தச் சொல்லை மட்டும் டிசைனரோடு உட்கார்ந்து பாருங்கள்.