குத்துகிற எலக்ட்ரோடை மாற்றும் முன்

கேள்வி: முழங்கைக்குக் கீழே கையை இழந்தவன் நான். செயற்கைக் கை பிடிக்கும் அழுத்தத்தை உணர்வதற்காகத் தோலில் ஜெல் எலக்ட்ரோடுகள் (மின்துடிப்பைத் தோலுக்குக் கடத்தும் ஒட்டுத் தகடுகள்) ஒட்டியிருக்கிறார்கள். சில நாளிலேயே சுருக்கென்று குத்துகிறது. கழுவித் திரும்பப் பயன்படுத்தும் வகைக்கு மாறலாமா?

பதில்: தாராளமாக மாறலாம். ஆனால் குத்தல் ஏன் வருகிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் மாறினால் புதியதும் குத்தும்.

இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை மின்னோட்டத்தை ஒரே அளவில் தள்ளுபவை. ஜெல் காய்ந்தோ ஓரம் எழும்பியோ தோலைத் தொடும் பரப்பு பாதியாகிவிட்டால், அதே மின்னோட்டம் மீதிப் பாதி வழியாகத்தான் போக வேண்டும். அங்கே மின்னோட்டத்தின் அடர்த்தி இரண்டு மடங்காகிறது, குத்துகிறது. உணர்வு மங்குகிறதே என்று அந்த நேரத்தில் அளவைக் கூட்டிவிடாதீர்கள், தோல் புண்ணாகிவிடும். முதலில் தொடர்பைச் சரிபாருங்கள்.

கழுவக்கூடியவற்றில் கார்பன் கலந்த சிலிக்கோன், வெள்ளி பூசிய துணி, துருப்பிடிக்காத எஃகு எல்லாம் உண்டு. சாக்கெட்டுக்குள், அதாவது எஞ்சிய கை நுழையும் செயற்கைக் கையின் கூட்டுக்குள், வளைந்து கொடுப்பதால் நான் சிலிக்கோனையே விரும்புவேன். இவற்றில் பசை கிடையாது, சாக்கெட்டின் அழுத்தம்தான் பிடித்துவைக்கும். அதனால் எலக்ட்ரோடை உள்ளுறையிலேயே பதித்துத் தரச் சொல்லுங்கள். சிலருக்கு எஞ்சிய கையில் குறிப்பிட்ட இடங்களைத் தொட்டால் இல்லாத விரலைத் தொட்டது போலவே இருக்கும். உங்களுக்கும் அப்படி என்றால், எலக்ட்ரோடு சற்று நகர்ந்தாலே கட்டைவிரலில் தெரிய வேண்டியது வேறெங்கோ தெரியும்.

உலர்ந்த எலக்ட்ரோடு வியர்வை கசியும்வரை உறுத்தும். போடும்முன் லேசாக ஈரப்படுத்தினால் போதும். சொட்டச் சொட்ட நனைத்தால் இரண்டு எலக்ட்ரோடுகளுக்கு இடையே தண்ணீர் பாலமாகி, மின்னோட்டம் தோலின் மேலாகவே ஓடிவிடும். எண்ணெய், கிரீம் தடவிய தோலில் வைக்கவே கூடாது. தினமும் மென்மையான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். வெடிப்போ கெட்டித்த திட்டோ தெரிந்தால் புதிதாக மாற்றுங்கள்.

அப்புறம், செயற்கைக் கையை இயக்க உங்கள் தசையிலிருந்து எடுக்கும் சிக்னலைவிட, உணர்வுக்காகத் தோலில் தரும் மின்துடிப்பு பல மடங்கு பெரியது, அதோடு கலந்து குழப்பிவிடும். மாற்றிய பிறகு உணர்வு வரும் போதெல்லாம் செயற்கைக் கை தானாகத் திறந்து மூடினால், எலக்ட்ரோடுகளின் இடைவெளியையும் அமைப்பையும் நிபுணர் திரும்பப் பார்க்க வேண்டும்.

மரத்துப்போன தழும்பின் மேல் வைக்கவே வைக்காதீர்கள். அங்கே சுட்டாலும் உங்களுக்குத் தெரியாது. கழற்றியதும் தெரியும் இளஞ்சிவப்பு சிறிது நேரத்தில் மறைய வேண்டும். மறையாவிட்டாலோ கொப்புளம் வந்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால், அதைப் பொருத்திய மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம்.