கொழுந்தியாளைக் கட்டியவர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மனைவி ஆங்கிலேயர். அவர் குடும்ப வரலாற்றைத் தேடிவருகிறேன். யார்க்‌ஷயரில் வாழ்ந்த அவரது முன்னோர் ஒருவர், முதல் மனைவி இறந்தபின் 1865-இல் மறுமணம் செய்திருக்கிறார். சொந்த ஊர்த் தேவாலயத்தில் அல்ல, மான்செஸ்டர் பதிவு அலுவலகத்தில். இரு மனைவியருக்கும் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் ஒன்றே. அவருடைய தந்தை ஒரு திருமணச் சான்றிதழில் கூலி, மற்றதில் விவசாயி. மணமகளின் வயதும் இடிக்கிறது. இவர் மோசடிக்காரரா?

ஆர்., லீட்ஸ்

அன்புள்ள ஆர்.,

அக்கா போனபின் தங்கையைக் கட்டிவைப்பது நமக்குப் புதிதில்லை. அதைச் செல்லாததாக்கிய ஒரு சட்டத்தைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்தது.

தந்தையின் தொழிலை விடுங்கள். பலரும் அதை ஒரு படி உயர்த்திச் சொன்னார்கள், எழுதிக்கொண்டவர் சரிபார்க்கவில்லை. வயதும் அப்படித்தான்.

ஆனால் 'மோசடிக்காரர்' என்று எழுத எப்படி மனம் வந்தது? இறந்த மனைவியின் சகோதரியை மணந்தால் அந்தத் திருமணமே செல்லாது என்றது 1835-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு முன் யாராவது வழக்குப் போட்டு ரத்து செய்தால்தான் உண்டு. ரத்த உறவா காரணம்? 1839-இல் டார்வின் தன் தாய்மாமன் மகளைக் கட்டினார், சட்டம் வாயைத் திறக்கவில்லை. ரத்த உறவே இல்லாத கொழுந்தியாள்தான் கூடாது. கணவனும் மனைவியும் ஓருடல், ஆகவே அவள் தங்கை இவனுக்கும் தங்கை என்பது திருச்சபையின் வாதம். தாயில்லாப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டுக்கு வந்து நின்றவள் பல நேரம் அவள்தான் என்பதை எண்ணிப்பாருங்கள்.

வசதியுள்ளவர்கள் கடல் கடந்தார்கள். ஓவியர் ஹோல்மன் ஹண்ட் 1875-இல் சுவிட்சர்லாந்து போய் இறந்த மனைவியின் தங்கையை மணந்தார். இங்கிலாந்தில் அதுவும் நிற்காது. டென்மார்க்கில் நடந்த அப்படியொரு திருமணத்தை, அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1861-இலேயே செல்லாதென்று தீர்த்துவிட்டது. ஏழைக்கு இருந்த வழி, முகம் தெரியாத பெரிய நகரம். ஊர்த் தேவாலயத்தில் மூன்று ஞாயிறு திருமண அறிவிப்பு வாசித்தால் யாராவது எழுந்து தடை சொல்வார். மான்செஸ்டரில் 7 நாள் தங்கி நோட்டீஸ் கொடுத்து 21 நாள் காத்திருந்தால் போதும். அதனால் சான்றிதழிலுள்ள மான்செஸ்டர் முகவரியைப் பிடித்துக்கொண்டு குடும்பத்தைத் தேடாதீர்கள். அது அந்த நாட்களுக்கு மட்டும் எடுத்த அறையாக இருக்கலாம்.

குடும்பப்பெயர் ஒன்று என்பதால் மட்டும் அக்கா தங்கை ஆகிவிடாது, சித்தப்பா மகளாகவும் இருக்கலாம். 1851 குடிக்கணக்கில் இருவரும் ஒரே பெற்றோரின் கீழ் இருக்கிறார்களா என்று பாருங்கள். 1841 கணக்கு உதவாது, அதில் உறவுமுறை எழுதப்படவில்லை. 1861-இல் இவர் வீட்டிலேயே அவள் 'மனைவியின் சகோதரி' என்று பதிவாகி, 1871-இல் 'மனைவி' ஆகியிருந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பிறப்புப் பதிவு அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர்தான் இருக்கும். அக்காவின் பிள்ளைகளும் தங்கையின் பிள்ளைகளும் அதில் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்போலத் தெரிவார்கள். 1863-க்கும் 1867-க்கும் இடையில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முழுச் சான்றிதழ் வாங்கித் தாயின் முதற்பெயரைப் பாருங்கள். இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

1907-இல் வந்த சட்டம் பழைய திருமணங்களையும் சேர்த்தே செல்லுபடியாக்கியது, ஆனால் ஏற்கெனவே கைமாறிய சொத்தைத் தொடவில்லை. அவர் அதற்கு முன் இறந்திருந்தால் உயிலைத் தேடுங்கள், 1858 முதல் நாடு முழுமைக்கும் ஒரே அட்டவணை இருக்கிறது. உயில் எழுதாமல் போயிருந்தால், மனைவி என்ற முறையில் அவளுக்குச் சட்டப்படி ஒரு பென்னிகூட உரிமையில்லை.